போகலாம், வர முடியாது

மெல்போர்னில் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பூங்காவில் ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் நாயின் கயிற்றை அவிழ்த்துவிடலாம். இந்தப் பக்கம் கூடாது. பக்கத்து வீட்டு கிரெக் தினமும் தன் கிழட்டு நாயைக் கம்பத்துக்கு அப்பால் அழைத்துப்போய்க் கொக்கியைக் கழற்றுவார். நாய் ஓடாது. அவர் காலடியிலேயே நின்று முகத்தைப் பார்க்கும். வந்த புதிதில் சிரித்தேன். திண்டுக்கல்லில் எங்கள் தெரு நாய்களுக்குக் கயிறும் கிடையாது, கம்பமும் கிடையாது, கல்லெறிதான் உண்டு. இப்போது சிரிப்பு வருவதில்லை.

என் கையில் இருப்பது பிரிட்ஜிங் விசா. நிரந்தரமாகத் தங்க மனுப் போட்டவர்கள், முடிவு வரும்வரை நிற்கவேண்டிய பாலம். வேலை செய்யலாம், வரி கட்டலாம், மகனைப் பள்ளிக்கு அனுப்பலாம். நாட்டைவிட்டுப் போகவும் செய்யலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். திரும்பி வரத்தான் முடியாது. விசாரிக்கப் போன குடியேற்ற அலுவலகத்தில் இருந்த பெண் எத்தனை கனிவாகச் சொன்னாள்: "நீங்கள் தாராளமாகப் போகலாம், சார்." அந்தத் தாராளத்தை வாங்கிக்கொண்டு நிறுத்தத்தில் வந்து நின்றேன். டிராம்கள் வந்து வந்து போயின.

நான் போகவேண்டியிருந்தது மருமகள் ஜெனியின் காதுகுத்துக்கு. என் தங்கை லில்லியின் ஒரே மகள். கிறிஸ்தவர்களானாலும் இந்துக்களானாலும், எங்கள் பக்கம் பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். லில்லிக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். "அண்ணன் வரட்டும், அண்ணன் வரட்டும்" என்று தள்ளித் தள்ளி, பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது, வெறுங்காதோடு. எரியோட்டிலிருந்து வந்த லில்லியின் மாமியார் கேட்டாராம்: "ஏத்தா, ஒங்கண்ணன் மடிய ஆஸ்திரேலியாக்காரன் அடமானம் பிடிச்சு வச்சிருக்கானா?" லில்லி சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு போனிலேயே கெஞ்சினாள்.

"ஒரே ஒரு நா வந்துட்டுப் போண்ணே."

"வந்தா திரும்ப உள்ள விடமாட்டாங்கத்தா. அண்ணியும் பையனும் இங்க கெடக்காங்க."

"யாருண்ணே விடமாட்டான்? போனக் குடு, நான் பேசுறேன் அவன்ட்ட."

அவள் கேட்டது நியாயம். எங்கள் வீட்டில் எந்தத் தடைக்கும் ஒரு வாய் இருந்தது. "எங்கலே கெளம்பிட்ட?" என்பார் அப்பா. "இன்னைக்கு ஆகாது" என்பாள் அம்மா. கத்தலாம், சாப்பிடாமல் படுத்துக்கொள்ளலாம். செத்த நேரத்தில் அந்த வாயே "சரி, போய்த் தொலை" என்றும் சொல்லும். இங்கே தடையின் பெயர் விசா கண்டிஷன். அதற்கு முகம் இல்லை, கோபம்கூட இல்லை. பட்டினி கிடந்து அதை மசியவைக்க முடியாது.

ஒருநாள் கிரெக்கிடம் வாய்விட்டுச் சொன்னேன். "ஊருக்குப் போகணும். என்னால் விமானம் ஏற முடியாது." அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். மறுநாள் காலை ஒரு மாத்திரைப் பட்டையோடு வாசலில் நின்றார். செத்துப்போன அவர் மனைவிக்கும் விமானம் என்றால் பயமாம். ஏறுவதற்கு முன்னால் ஒன்று போட்டுக்கொண்டால் போதுமாம். விளக்கத் தெம்பில்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். சமையலறை இழுப்பறையில் கிடக்கிறது அந்தப் பட்டை.

கடைசியில் லில்லியின் மாமியார் வீட்டாரே நாள் குறித்துவிட்டார்கள். அங்கே காலை, இங்கே பிற்பகல். வீடியோவில் தெரிந்தது லில்லியின் வீட்டுக் கூடம். ஜெனியை மடியில் வைத்திருந்தவன் சேவியர், எங்கள் சித்தப்பா மகன். அவன் மேல் என் நீலக் கட்டம் போட்ட சட்டை.

"அவன் மடி அவன் மடிதாண்ணே," என்றாள் லில்லி. "அதான் பீரோவுல கெடந்த ஒன் சட்டைய மாட்டிவிட்டேன்."

"கக்கத்துல பிடிக்குதுண்ணே," என்றான் சேவியர். "இம்புட்டு ஒல்லியாவா இருந்த?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்தர் காதைத் தடவிப் பொட்டு வைத்தார். ஊசி இறங்கியது. பிள்ளை வீறிட்டு அந்தச் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டது. அது யார் சட்டை என்று அதற்குத் தெரியாது.

போன் அணைந்த பிறகுதான் என்னைப் பார்த்தேன். நாற்காலி நுனியில், முழங்கால்கள் இறுகச் சேர்ந்திருந்தன. இடக்கை எதையோ அணைத்தபடி வளைந்திருந்தது. "காபி ஆறுது, எந்திரிங்க" என்றாள் மனைவி.

எழ முடியவில்லை. எழுந்தால் பிள்ளை விழுந்துவிடும் போலிருந்தது.