எனக்கு மட்டும் வேலை செய்த சர்வர்

போன ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புச் சோற்றில் கை வைத்த நேரம் பார்த்து ஜெயகுமாரிடமிருந்து போன்.

ஜெயகுமார் என் கணவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். இப்போது ராபர்ட்சன்பேட்டையில் ஸ்கேன் சென்டர் நடத்துகிறார். நான் பிழைப்புக்கு யூனிக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவள் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கும் உங்களுக்குத் தெரியும். சில நாள் பெங்களூர் ரயில், மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை. ஞாயிறு மட்டும் எனக்கே எனக்கு... அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சுமதி, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா? ஸ்கேன் படம் பெங்களூருக்குப் போக மாட்டேங்குது. தலைல அடிபட்ட கேஸ். பேஷண்ட் இங்கயே படுத்துகினு இருக்காரு."

"நெட் வருதா?"

"சூப்பரா வருது. என் போன்ல கிரிக்கெட் ஓடுதே."

போனில் கிரிக்கெட் ஓடினால் உலகத்தில் எல்லாம் சரியாக ஓடுகிறது என்று நம்புகிறவர்களை என்ன செய்வது? கையைக் கழுவிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

வாசலில் ஆம்புலன்ஸ். டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். சென்டருக்கு உள்ளே ஸ்ட்ரெச்சரில் ஆரோக்கியசாமி. தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில், மழைக்கு ஒழுகும் தகரத்தைச் சரிசெய்யக் கூரைமேல் ஏறியிருக்கிறார். கால் வழுக்கித் தலைகீழாக விழுந்துவிட்டார். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறார். உடனே மூடிக்கொள்கிறார். வாந்தி வேறு.

ஸ்கேன் எடுத்து முடித்தாகிவிட்டது. ஆனால் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் சொல்ல வேண்டிய டாக்டர் பெங்களூரில் இருக்கிறார். வழக்கமாகப் படங்கள் இங்கிருக்கும் சர்வர் வழியாக அவர் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். அவர் சொன்னால்தான், நோயாளியை இங்கேயே வைத்துக் கவனிப்பதா, பெங்களூருக்கு அனுப்புவதா என்று உள்ளூர் ஆஸ்பத்திரி டாக்டர் முடிவெடுப்பார். பெங்களூர் ஆஸ்பத்திரியோ ரிப்போர்ட் இல்லாமல் படுக்கை தர முடியாது என்கிறது. எல்லோரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன் ரேவதி சும்மா இருக்கவில்லை. திரையை மொபைலில் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பியிருக்கிறாள்.

"பாத்துட்டு என்ன சொன்னார்?"

"ஒரு இடத்துல டவுட்டா இருக்காம் மேடம். போட்டோவை வெச்சு சொல்ல முடியாது, ஒரிஜினல் வேணும்ன்றாரு."

"சிடில போட்டு, வேற கம்ப்யூட்டர்ல இருந்து அனுப்பலாமே?"

ரேவதி ஜெயகுமாரைப் பார்த்தாள். சிடி டிரைவ் போன மாதமே உயிரை விட்டிருந்தது. "மாத்தணும்னு நெனச்சுகினே இருந்தேன்," என்றார் அவர். பென்டிரைவ் போடும் இடமோ, வைரஸ் வரும் என்று ஏற்கெனவே அடைக்கப்பட்டிருந்தது.

சரி, சர்வரைத்தான் பார்க்க வேண்டும். ஏசி அறைக்குள் போய் உட்கார்ந்தேன்.

படம் அனுப்பும் புரோகிராம், 'பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று ஒரே வரியில் புலம்பிக்கொண்டிருந்தது. இது என்னவென்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். உங்கள் போனில் தங்கச்சி பெயரைத் தொட்டால் அவள் நம்பருக்குப் போகிறது இல்லையா? கம்ப்யூட்டர்களும் அப்படித்தான். பெயர் நமக்கு, நம்பர் அவற்றுக்கு. பெயரைக் கொடுத்து நம்பரைக் கேட்டு வாங்கும் ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ் என்று பெயர். யாரிடம் கேட்க வேண்டும் என்பது சர்வருக்குள் ஒரு சின்ன ஃபைலில் எழுதியிருக்கும். அந்த ஃபைல் சரியில்லை என்றால், பக்கத்துத் தெருவில் இருப்பவரைக்கூட அது கண்டுபிடிக்காது.

"நேத்து யாராவது இதுல கை வெச்சாங்களா?"

"புது ரவுட்டர் போட்டாங்க," என்றார் ஜெயகுமார். "அந்த ஆள் சர்வர்லயும் என்னமோ மாத்தினாரு. செக் பண்ணிட்டு ஓகேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

அதற்குப் பிறகு வந்த முதல் ஸ்கேன் ஆரோக்கியசாமியுடையது.

நான் ரூட்டாக உள்ளே நுழைந்தேன். ரூட் என்றால் சர்வருக்கு முதலாளி. எந்த ஃபைலையும் திறக்கலாம், எதையும் அழிக்கலாம். டாக்டருடைய கம்ப்யூட்டரின் பெயரைக் கொடுத்து நம்பர் கேட்டேன். டக்கென்று வந்தது. பிங் அடித்து, இருக்கிறாயா என்று தட்டிப் பார்த்தேன். பதில் வந்தது. ஃபைலைத் திறந்து பார்த்தேன். புது ரவுட்டரின் முகவரி ஒழுங்காக எழுதியிருந்தது.

எல்லாம் சரி.

"அனுப்பு ரேவதி."

அனுப்பினாள். பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுபடி கேட்டேன். எனக்கு நம்பர் சொல்கிறது. மறுபடி அனுப்பினாள். அவளிடம் தெரியாது என்கிறது. ஒரே பெட்டி, ஒரே பெயர். என்னிடம் ஒரு பேச்சு, அவளிடம் ஒரு பேச்சு... மனிதர்கள் செய்தால் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடலாம். இரும்புப் பெட்டியிடம் என்ன கேட்பது?

பெயர் கேட்கும் இடத்தை மாற்றினேன். புரோகிராமை நிறுத்தி ஓட்டினேன். சர்வரையே நிறுத்தி ஓட்டினேன். அது எழுந்து வருவதற்குள் ஜெயகுமார் தன் பங்குக்கு ரவுட்டரை நிறுத்தினார். பாதியில் எல்லாம் செத்தது.

"யாரு இப்ப அத ஆஃப் பண்ணது?"

"எல்லாத்தையும் ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாவும்னு..."

இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் கன்னடத்தில் ரொம்ப மரியாதையாக, பச்சை விளக்கு எரிகிறதா என்று கேட்டாள். எரிகிறது என்றேன். அப்படியென்றால் எந்தப் பிரச்சினையும் இல்லை மேடம் என்றாள். நான் சர்வரைப் பற்றிச் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பச்சை விளக்கு எரிகிறதா என்று மறுபடி கேட்டாள்.

அடுத்தது குறுக்கு வழி. டிஎன்எஸ்ஸைக் கேட்காமல், அந்தப் பெயருக்கு இந்த நம்பர் என்று சர்வரிலேயே கையால் எழுதி வைக்கலாம். எழுதினேன். இந்த முறை புரோகிராம் வாசலைத் தாண்டியது. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் உள்ளே போனதும், பெங்களூர்ப் பக்கம் படத்தை வாங்கிக்கொள்ள வேறொரு கம்ப்யூட்டரின் பெயரைக் கொடுத்தார்கள். அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பெயரையும் எழுதினேன். அடுத்த தடவை இன்னொரு பெயர் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர். எத்தனையைத்தான் எழுதுவது?

ஏசி அறையில் எனக்கு வேர்த்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆரோக்கியசாமி இன்னொரு முறை வாந்தி எடுத்தார். ரேவதி ஓடினாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. ஒரு நிமிடம் காற்று வாங்கலாம் என்று வெளியே வந்தேன்.

வாசல் பெஞ்சில் ஆரோக்கியசாமியின் மனைவி லூர்தம்மாள். பைபிள் வைத்திருந்த பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். சர்ச்சுக்குப் போய்த் திரும்பும் வழியிலேயே யாரோ சொல்லி ஓடி வந்தவர். வாட்ச்மேன் அவரை உள்ளே விடவில்லை. ஸ்கேன் நடக்கும் பக்கம் யாருக்கும் அனுமதி இல்லை என்பது சென்டர் விதி.

"இன்னாம்மா ஆச்சு? படம் போச்சா?"

"பாத்துகிட்டிருக்கோம்மா. போயிடும்."

"சொரங்கத்துல கேஜ்ல எறங்கி எத்தினி லெவல் போய் வந்த மனுஷன். அப்பல்லாம் ஒண்ணும் ஆவல. வூட்டுக் கூரைல ஏறி வுயுந்துட்டாரு." கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, "கூப்ட்டா கண்ண தெறக்குறாரா?" என்றார்.

"தெறக்குறார்மா. நீங்களே போய்ப் பாருங்களேன்."

"வுடமாட்டேன்றாங்களே." கோபமில்லாமல்தான் சொன்னார். "நீ போற வர, ஒன்ன ஒரு வார்த்த கேக்கல. எனக்கு மட்டும் கதவு மூடிக் கெடக்குது."

நான் வாட்ச்மேனைப் பார்த்தேன். வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்தார். "இவங்கள உள்ள விடுங்க. ஜெயகுமார் கேட்டா நான் சொல்லிக்கிறேன்," என்றேன். லூர்தம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு வேகமாக உள்ளே போனார்.

அவர் பின்னாலேயே நடந்தவள், பாதி வழியில் நின்றேன்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்பார்கள்? நான் முதலாளிக்கு வேண்டியவள். அந்த அறையில் உட்கார்ந்து இவ்வளவு நேரமாக எதை யாராக இருந்து சோதித்துக்கொண்டிருந்தேன்? ரூட்டாக. ரூட்டுக்குத்தான் எந்தக் கதவும் மூடியிருக்காதே. படம் அனுப்பும் புரோகிராம் ரூட் இல்லை. அதற்கென்று தனியாக, அதிகாரம் குறைவான ஒரு யூசர் உண்டு.

ஓடிப் போய் உட்கார்ந்து, அந்தச் சாதாரண யூசராக மாறி, அதே பெயரைக் கேட்டேன்.

தெரியாது என்றது.

ஒரு சர்வர் தெரியாது என்று சொன்னதற்காக நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. யாரிடம் பெயர் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கும் அந்தச் சின்ன ஃபைலின் அனுமதியைப் பார்த்தேன். படிக்க உரிமை ரூட்டுக்கு மட்டும். ரவுட்டர் மாற்ற வந்த ஆள் ரூட்டாக உட்கார்ந்து, ஃபைலைப் புதிதாக எழுதி, மற்ற யாரும் திறக்க முடியாதபடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். முகவரியெல்லாம் சுத்தமாக இருக்கிறது. படிக்க வேண்டியவனுக்குத்தான் அனுமதி இல்லை.

எல்லோரும் படிக்கலாம் என்று மாற்றினேன். ஒரே ஒரு கமாண்ட், அவ்வளவுதான். குறுக்கு வழிக்காக எழுதியதையும் அழித்தேன்.

"ரேவதி, அனுப்பு."

திரையில் பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. ஜெயகுமார் கையிலிருந்த போனை மெல்ல பாக்கெட்டில் வைத்தார்.

கடைசிப் படம் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் டாக்டரே போனில் வந்தார். சந்தேகப்பட்ட இடத்தில் ரத்தக் கசிவு இருக்கிறது. சின்னதுதான், ஆனால் இருக்கும் இடம் மோசம். அங்கே வைத்திருக்காதீர்கள், உடனே அனுப்புங்கள், ரிப்போர்ட்டை நேராகப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்கே அனுப்பிவிடுகிறேன் என்றார்.

ஸ்ட்ரெச்சர் ஆம்புலன்ஸுக்குள் ஏறியது. லூர்தம்மாள் உள்ளே ஏறி உட்கார்ந்து கணவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வர்றேம்மா," என்றார் என்னிடம். ஏதோ விருந்துக்கு வந்துவிட்டுக் கிளம்புகிறவர் மாதிரி.

அன்றைக்கே ஆபரேஷன். இரண்டு நாள் கழித்து ஜெயகுமார் சொன்னார்—ஆரோக்கியசாமிக்கு நினைவு நன்றாகத் திரும்பிவிட்டதாம். ஆஸ்பத்திரி இட்லியைக் குறை சொல்கிறாராம். பிழைத்துக்கொண்டார் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

ரவுட்டர் மாற்றியவரைப் போனில் பிடித்தேன். திட்டுவதற்கு நிறைய வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"மேடம், நான் செக் பண்ணிட்டுத்தானே கெளம்பினேன். எல்லாம் ஓகே வந்துச்சு."

"யாரா இருந்து செக் பண்ணீங்க?"

"ரூட்டாத்தான் மேடம்." பிறகு சன்னமான குரலில், "அய்யோ," என்றார்.

தயார் செய்த வார்த்தைகள் அப்படியே நின்றுவிட்டன. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வேலை செய்தது. எனக்கும் பாதி மத்தியானம் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. நாட்டில் பாதிப் பிரச்சினை இப்படித்தான் தீராமல் கிடக்கிறதோ என்று தோன்றுகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோருமே, எந்தக் கதவும் மூடாத ஆட்கள். திறந்து பார்க்கிறார்கள், திறக்கிறது. எல்லாம் சரி என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். வெளியே பெஞ்சில் இருப்பவர் இன்னும் பெஞ்சிலேயே இருக்கிறார்.

நேற்று மத்தியானம், "இந்த வருஷம் வெயில் ஒண்ணும் அவ்வளவா இல்லல்ல?" என்றார் என் கணவர், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு.

கிச்சனுக்கு வந்து சொல்லுங்கள் என்றேன்.