வெள்ளீயம் சொன்ன சகுனம்

எழுபதுகளின் கடைசியில், அண்ணியோடு புந்தோங்குக்குப் பெண் பார்க்கப் போனேன். பூவும் பழமும் அண்ணி கையில். என் சட்டைப் பையில் ஒரு வெள்ளீயத் துண்டு. ஈயச் சுரங்கக் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. அது என்ன வேலையென்று விளங்காமலேயே முந்தைய சம்பந்தங்கள் நழுவிப் போயிருந்தன. இதையாவது விடக்கூடாது.

பெண்ணின் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். இப்போது பஸ் ஓட்டுகிறார். "தம்பி அங்க என்னதான் செய்றீங்க?"

"ஈயம், செம்பெல்லாம் எப்படி வளையுதுன்னு பாக்குறேன் மாமா."

"வளையிறத வேடிக்க பாக்க சம்பளமா!"

துண்டை எடுத்து வளைத்தேன். கிறீச்சென்றது. வெள்ளீயத்தின் சுபாவம் அது.

பெண்ணின் அத்தை தரையை விரலால் தட்டினார். "பல்லி! தென்மேற்கு மூலை. இது ஆகாதுலா."

மறுபடி வளைத்துக் காட்டியிருந்தால் பல்லி இல்லையென்று தெரிந்திருக்கும். படித்தவன் அல்லவா, விளக்கினேன்.

"உள்ள அணுவெல்லாம் ரப்பர் மரமாட்டம் நிரை நிரையா நிக்கும் மாமா. நடுவுல ஒரு நிரை பாதியோட நின்னுருக்கும். அமுக்குனா அந்த அரை நிரை ஒவ்வொரு மரமாத் தள்ளித் தள்ளி நகரும். அதனாலதான் உடையாம வளையுது. இந்த வெள்ளீயத்துல, தோட்டத்துல ஒரு டிவிஷன் மரம் மொத்தமும் சாஞ்ச மாதிரி, ஒரு பகுதி அணு மொத்தமும் சடக்குன்னு வேற பக்கம் சாஞ்சிக்கும். அந்தச் சத்தந்தான் இது."

"எந்தத் தோட்டத்துல தம்பி மரம் நகருது?"

அத்தை அண்ணியின் காதைக் கடித்தது எனக்கும் கேட்டது. "பையன் தஞ்சோங் ரம்புத்தான்ல இருந்துட்டு வந்தவரா?" மனநல ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் அது. அண்ணி எழுந்திருக்கப் புடவையைச் சரிசெய்தார்.

தேத்தண்ணித் தட்டோடு நின்ற பெண் அதைக் கீழே வைத்துவிட்டுக் கை நீட்டினாள். "கொடுங்க."

வளைத்தாள். கிறீச்.

"பல்லி எங்க அத்தை?"

அத்தை சுவரெல்லாம் துழாவினார். "எதுவா இருந்தா என்ன? வந்த திசை தென்மேற்குலா."

பெண் கிழக்கு மூலைக்குப் போய் நின்று இன்னொரு தடவை வளைத்தாள். "இப்ப?"

அத்தை கண்ணை மூடி யோசித்தார். அப்புறம் தரையைத் தட்டினார். "இது நல்ல சொல்லு."

அரை நிரை நகர்வதை அந்த வீட்டில் இன்றுவரை யாரும் நம்பவில்லை. கல்யாணத்துக்கு நாள் மட்டும் அன்றைக்கே குறித்துவிட்டார்கள்.