தடி எழுத்துக்காரி

தெருவில் போகிறவள் திடீரென்று நின்று ஒரு கண்ணை மூடிக்கொள்வாள். மறு கண்ணைப் பாதி இடுக்குவாள். தங்களைத்தான் முறைக்கிறாள் என்று கடைக்காரர்கள் நெளிவார்கள். அவள் முறைப்பது அவர்கள் தலைக்கு மேலே தொங்கும் பெயர்ப்பலகையை. "பாவம், அந்த 'ழ'வுக்கு இடுப்பே இல்ல" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள்.

கணினியில் எழுத்துரு வரைவது அவள் தொழில். இப்போது வரைந்திருப்பது பெரிய பலகைகளுக்கென்றே ஒரு தடித்த எழுத்து. வட்டமும் நேர்கோடும்தான் சாமான். குஞ்சம், கொண்டை எதுவும் கிடையாது. அடுத்த நூற்றாண்டிலிருந்து நேராக வந்து இறங்கியதுபோல் இருக்க வேண்டும் என்பது ஆசை. வீட்டிலிருந்த மூடி, தட்டு, சட்டைப் பொத்தான் எல்லாம் அவள் மேசைக்குக் குடிபெயர்ந்தன. 'இ' முடிந்த அன்று, பேருந்து ஓட்டுநரான கணவனை இழுத்து வந்து திரைமுன் நிறுத்தினாள்.

"உக்காந்திருக்கிற தவளை மாதிரி இருக்கு."

வேறொருத்தி என்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். இவள் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினாள். "உக்காந்திருக்கலைங்க, தாவப் போவுது!"

ஊரில் புதிதாகக் கட்டிய நீச்சல் குளத்தின் முகப்புக்கு இரண்டு ஆள் உயர எழுத்துகள் தேவைப்பட்டன. குளத்தின் மேலாளர் இவளுடைய எழுத்தைப் பார்த்துச் சொக்கிப்போனார். மறு நிமிடமே பயமும் பிடித்துக்கொண்டது. "அழகாத்தான் இருக்கு. ஆனா ஜனங்களுக்குப் படிக்க வரணுமே? வரலைன்னா வழக்கமா போடுற எழுத்தையே போட்டுர்றேன்."

அவள் சும்மா இருப்பாளா? சாலையோரம் தன் எழுத்தில் பெயர் போட்ட ஒரு துணிப்பதாகையைக் கட்டச் சொல்லிவிட்டு, கணவனின் பேருந்தில் ஏறிக்கொண்டாள்.

"அதோ, அங்க என்ன எழுதியிருக்கு? சத்தமா படிங்க!"

பேருந்தே படித்தது: "நீச்சல் களம்!"

குளத்தைக் காணோம். எழுத்து சுத்தமாக இருக்கட்டும் என்று 'கு'வின் சுழியை அநியாயத்துக்கு நறுக்கியிருந்தாள். பின்சீட்டுப் பெரியவர், "களம்னா, தண்ணிக்குள்ள சண்டை போடுவாங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார். அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்த சிரிப்பு, பேருந்தை விட்டு இறங்கும்வரை அடங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சுழியை வளர்க்கத் தொடங்கினாள். எழுத்தின் அடியில் தாராளமாக ஒரு வட்டம் போட்டுத் திரும்பியதும், நறுக்கிய 'கு'வைவிட அது மிடுக்காக நின்றது. "அடி என் ராசாத்தி!" என்று திரையைக் கொஞ்சினாள்.

மறுபடி பதாகை, மறுபடி பேருந்து, புது முகங்கள். "நீச்சல் குளம்!" என்று அத்தனை பேரும் கூவ, கணவன் வெற்றுச் சாலையில் ஹாரனை அலறவிட்டான்.

தகட்டில் வெட்டிய எழுத்துகள் மேலே ஏறுவதற்காகக் குளத்து வாசலில் மல்லாந்து கிடந்தன. சுற்றிச் சுற்றி வந்தவள், செருப்பைக் கழற்றிவிட்டு 'கு'வின் சுழிக்குள் காலை மடக்கிப் படுத்துக்கொண்டாள்.

"ஏம்மா, எந்திரி! கிரேன் வந்தாச்சு, எல்லாரும் பாக்குறாங்க" என்றான் சீருடையோடு வந்து நின்ற கணவன்.

அவள் கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.