தப்பாக வாங்கிய மூன்று டிக்கெட்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. டெக்ஸஸில் காப்பெலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நானும் மனைவியும் பதின்மூன்று வயது மகளும் ஹூஸ்டனுக்குக் கிளம்பினோம். நாலு மணி நேர டிரைவ். திருச்சி ஹாஸ்டல் நாட்களிலிருந்து நான் உயிரை விடும் இங்கிலாந்து ஃபுட்பால் கிளப் அமெரிக்காவுக்கு ஆட வந்திருந்தது.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை விடிவதே அந்த கிளப்பின் மேட்ச்சோடுதான். அங்கே மதியம் ஆடினால் இங்கே காலை ஆறரை. மகள் மூன்று வயதிலிருந்தே போர்வையோடு இறங்கி வந்து என் பக்கத்தில் சுருண்டுகொள்வாள். பிறகு அவளே ஆடத் தொடங்கினாள். ஊர் டீமில் டிஃபென்டர். எல்லாம் என் ரத்தம் என்று எனக்கு ஒரே பெருமை.

மேட்ச் பற்றி இமெயில் வந்த அன்று, ஆபீஸில் இரண்டு மீட்டிங்குக்கு நடுவே அவசர அவசரமாக மூன்று டிக்கெட் வாங்கினேன். கிளப்பின் பெயரையும் சின்னத்தையும் பார்த்ததுதான்; வேறு எதையும் படிக்கவில்லை. சாயங்காலம் போனை மகளிடம் நீட்டினேன். படித்துவிட்டு ஒரு கத்து கத்தினாள்.

"அப்பா! யூ காட் திஸ் ஃபார் மீ?"

"பின்ன வேற யாருக்குடி?" என்றேன்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் அவள் வேறு பிள்ளையாக இருந்தாள். சொல்லாமலே சாப்பிட்ட தட்டை எடுத்து வைத்தாள். நான் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தால் பின்னால் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இந்த வயதில் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொள்ளும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்களே, நம் பிள்ளை அப்படியில்லை என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். நண்பர்களிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மைதானத்திலிருந்து போட்டோ அனுப்பி அவர்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதாகத் திட்டம்.

ஹூஸ்டனில் நம்மூர்க் கடைகள் இருக்கும் ஹில்கிராஃப்டில் தோசை சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்குப் போனோம். வாசலில் ஆளுயரப் படங்கள். சட்டை எங்கள் கிளப் சட்டைதான். ஆனால் போட்டிருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். அங்கே நின்ற ஊழியரிடம் கேட்டேன். ஆடப்போவது கிளப்பின் பெண்கள் அணி, ஆண்கள் அணி இந்த வருடம் டெக்ஸஸ் பக்கமே வரவில்லை என்றார்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அதை நிரூபிக்கவே பிறந்தவன் நான்.

"சே! லேடீஸ் மேட்ச்சா? இதைப் பாக்கவா நாலு மணி நேரம் டிரைவ் பண்ணேன்? தெரிஞ்சிருந்தா வாங்கியே இருக்க மாட்டேனே!"

மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் நிறுத்தவில்லை. "இவங்க ஆடுறதையெல்லாம் எவன் பாப்பான்?" என்றும் சொன்னேன்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் ஒரு சார்ட் பேப்பரைச் சுருட்டி வைத்திருந்தாள். "இட்ஸ் ஓகே, அப்பா. வீ கேன் கோ ஹோம்" என்றாள்.

வந்தது வந்தாயிற்று என்று உள்ளே போனோம். நான் பாதி நேரம் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கிளப் கோல் போட்டபோது மைதானமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. சுருட்டிய சார்ட்டைப் பிரிக்கவும் இல்லை.

திரும்பும் வழியில் ஒரு கேஸ் ஸ்டேஷனில் பெட்ரோல் போட நிறுத்தினேன். மகள் பின்சீட்டில் கண்ணை மூடியிருந்தாள். மனைவி இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவளுக்கு மொத நாளே தெரியும், இது லேடீஸ் டீம்னு. அவளோட ஃபேவரிட் பிளேயர் அதுலதான் ஆடுறாங்க. அவளுக்காக நீங்க தேடிப் புடிச்சு புக் பண்ணீங்கன்னு நெனச்சா. டீம்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கா. உங்களுக்குத் தெரியும்னுதான் நானும் நெனச்சேன்."

காருக்குள் பார்த்தேன். சார்ட் பேப்பரைக் காணோம். மைதானத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அதில் என்ன எழுதியிருந்தாள் என்று மனைவிக்குத் தெரியும். கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். "இட்ஸ் ஃபைன்" என்று சொல்லிவிட்டுப் பாலில் போட்ட சீரியலைச் சாப்பிட்டாள். அடுத்த சீசனுக்கு அவள் டீமில் சேரவில்லை. ஹோம்வொர்க் அதிகம் என்றாள். சனிக்கிழமைகளில் இறங்கி வருவதும் நின்றுபோனது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று தெரியாமலா சொல்லி வைத்தார்கள்?

இப்போது பெண்கள் அணியின் மேட்ச்சை ஒன்றுவிடாமல் பார்க்கிறேன். ஆடுகிறவர்கள் பெயரெல்லாம் மனப்பாடம். மாடிக்குக் கேட்கட்டும் என்று டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வைப்பேன். கதவு திறந்ததில்லை. அடுத்த வருடம் காலேஜுக்குப் போய்விடுவாள்.

என் மகள் ஆசைப்பட்ட அப்பாவாக நான் இருந்தது அந்த ஆறு வாரம் மட்டும்தான். அதுவும் எனக்கே தெரியாமல்.