முன்கூட்டியே பேசி வைத்த குரல்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எரிச்சல் அடங்கவில்லை, எழுதுகிறேன்.

வேனிலேயே சமைத்து, படுத்து, மாதக்கணக்காக ஊர் சுற்றுகிறேன். ஜவ்வாதுமலையில் புதூர்நாடு பக்கம் சிக்னல் கிடைக்காது. என் குரல் கேட்காமல் அம்மா சாப்பிடாது. அதனால் மலை ஏறும் முன்பே விதவிதமாக வாய்ஸ் மெசேஜ் பேசி, பக்கத்து வீட்டு நண்பன் முருகனுக்கு அனுப்பினேன். தினம் ஒன்றை, அன்றுதான் வந்தது போல, அம்மாவிடம் போட்டுக் காட்டுவது அவன் வேலை.

ஒரு மேட்டில் சிக்னல் வந்ததும் அம்மாவை அழைத்தேன்.

"பொரட்டாசி சனிக்கிழமையில கோழி துன்னேன்னு சொல்றியே, வெக்கமா இல்ல?"

"அது முன்னாடியே பேசி வெச்சதும்மா."



"அப்ப நல்லா கீறேன்னு சொன்னதும் முன்னாடியே சொன்னதா?"

நான் வாய் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. போனைத் தூக்கிப் பிடித்து மேடெல்லாம் அலைந்தேன்.

மறுபடி சிக்னல் வந்ததும் கடுப்பில் முருகனுக்கு, "ஏன்டா, கோழி மெசேஜ இன்னிக்குத்தான் போடணுமா?" என்று அனுப்பினேன்.

"உங்கம்மா தினம் உனக்கு பதில் பேசிச்சுடா, அதையெல்லாம் ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்கேன், இப்ப அனுப்பட்டா?"