நாளைக்காரர் கொடுத்த ஒரு நாள்

1986ஆம் ஆண்டு ஜூன் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணி. அலமாரிக் கைப்பிடிகள் செய்யும் பட்டறையை அப்போதுதான் தொடங்கியிருந்த அவள், வெளியே போகும் ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் தேதியையும் மணியையும் பென்சிலால் எழுதிவிடுவாள். முதல் பெட்டி நிக்கல் முலாம் பூசுகிறவரிடம் போயிற்று. அவர் ஒரு பித்தளைக் கைப்பிடியைத் தண்ணீரில் முக்கித் தூக்கிப் பார்த்தார்.

“எப்பம்மா வேணும்?”

“இன்னைக்கே கிடைச்சா நல்லது, அண்ணே.”

“நாளைக்கு வாங்க.”

மறுநாளும் அதையே சொன்னார். வெள்ளிக்கிழமைதான் பெட்டி திரும்பியது. சண்டைக்குத் தயாராக மூடியைத் திறந்தவள், கைப்பிடிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அப்படி ஒரு பளபளப்பு. ஆனாலும் அன்றே அவருக்கு ‘நாளைக்காரர்’ என்று பெயரிட்டாள். பெயர் தெருவெல்லாம் பரவி, கடைசியில் அவரே தொலைபேசியை எடுத்து, “நாளைக்காரர் பேசறேன்” என்று சொல்லுமளவுக்கு நிலைத்துவிட்டது.

அந்தக் கடையின் ஈரத் தரையும், பச்சை நீர் நிறைந்த தொட்டியும், செம்புக் கம்பிகளில் வரிசையாய்த் தொங்கும் சாமான்களும் இன்றும் அவள் கண்ணுக்குள் நிற்கின்றன. திங்கட்கிழமைதோறும் தொட்டியைச் சோதிக்க அவர் ஒரே கரண்டியைத்தான் முக்குவார். பூச்சின்மேல் பூச்சேறி, அந்தக் கரண்டி வாய்க்குள் நுழையாத அளவுக்குத் தடித்திருந்தது.

இப்படியே ஆறு ஆண்டுகள் போயின. இரண்டு முறை சரக்குத் தாமதமாகவே, அவளிடம் கைப்பிடிகள் வாங்கும் அலமாரி நிறுவனத்தார், மூன்றாம் முறை தாமதித்தால் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்கள். பட்டறையில் கூட இருந்த தம்பி பிடித்துக்கொண்டான்.

“நம்ம சாமான் நம்மகிட்ட இருக்கறதைவிட அவர்கிட்டதான்க்கா அதிக நாள் குடித்தனம் பண்ணுது. பின்னறை சும்மாதானே கிடக்கு? சொந்தமா ஒரு தொட்டி வெச்சுடலாம்.”

“அவர் வேலையில பாதி நம்ம வேலைடா.”

“அவருக்காகப் பாத்தா, இங்க இருக்கற பதினாலு பேரை யாரு பாப்பா?”

அவள் இருதலைக் கொள்ளி எறும்பானாள். மூன்று வாரம் மனத்தில் போட்டு உருட்டியபின், மறைத்துச் செய்வது முறையாகாது என்று அவரிடமே போய்ச் சொன்னாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

“தொட்டிக்கு அளவெடுத்தாச்சா?” என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவோடு வந்து பின்னறையைச் சுற்றிப் பார்த்தார்.

“கழுவுற தண்ணி எங்க போகும்?”

தம்பி தெருச் சாக்கடையைக் காட்டினான்.

“விட்டுப் பாரு, தெருவே கூடி உன்னை அதுல முக்கும். முதல்ல அந்தத் தண்ணியைச் சுத்தம் பண்ண வழி, அப்புறம்தான் தொட்டி. வாரத்துல நாலு நாளாவது வேலை இருக்குமா? சும்மா கிடந்தா தொட்டி கெட்டுப்போகும்.”

“இருக்கும்” என்றான் தம்பி.

“அப்ப வெச்சுடுங்க.”

“உங்களுக்குப் பாதி வேலை போயிடுமே அண்ணே” என்றாள் அவள்.

“மீதிப் பாதியையாவது சொன்ன நாள்ல குடுப்பேன்ல.”

தம்பி சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தொட்டி வந்தது. இரண்டாம் வாரமே முலாம் வெங்காயத் தோல்போல உரியத் தொடங்கியது. தம்பி தொட்டியில் கரைக்கும் நிக்கல் உப்பை மாற்றினான், கரைசலையே மாற்றினான், ஒன்றும் பலிக்கவில்லை. சனிக்கிழமை சரக்குப் போயாக வேண்டும். வேறு வழியின்றி வியாழன் காலை எட்டு மணிக்கு நாளைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தாள். ‘நாளைக்கு’ என்பார் என்று எதிர்பார்த்தாள். அரை மணியில், கடையைப் பூட்டிவிட்டு அவர் வாசலில் நின்றார்.

தொட்டியை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முக்காலியைப் போட்டு, பட்டறையில் மெருகு போடும் தொழிலாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் கைப்பிடியை அமிலத்தில் முக்கினார், நீரில் அலசினார். பிறகு கம்பியில் மாட்டுமுன், தோளில் கிடந்த துணியால் அழுந்தத் துடைத்தார். துடைக்காத பொருள் கைமாறக் கூடாது என்பது அந்தப் பட்டறையின் சட்டம். சுவரில் எழுதி வைத்தவள் அவளேதான்.

“தொட்டிக்கு ஒண்ணுமில்லம்மா. அந்தத் துணிக்குத்தான் சீக்கு.”

துடைத்தது ஒன்று, துடைக்காதது ஒன்று என இரண்டு கைப்பிடிகளைத் தண்ணீரில் முக்கித் தூக்கினார். துடைத்ததில் நீர் முத்து முத்தாக நின்றது. மற்றதில் போர்வைபோலப் படிந்தது. துணியிலிருந்த எண்ணெய்ப் பிசுக்குதான் முலாமை ஒட்டவிடாமல் செய்திருந்தது. முதல் நாள் அவர் ஏன் கைப்பிடியைத் தண்ணீரில் முக்கினார் என்பது ஆறாண்டுக்குப் பின் அவளுக்கு விளங்கியது.

மாலை வரை இருந்து, துடைக்காமல், ஈரம் காயுமுன் ஒவ்வொன்றாகத் தம் கையாலேயே மாட்டினார். சனிக்கிழமை பெட்டிகள் நேரத்துக்குக் கிளம்பின.

“உங்க ஒரு நாள் எங்களால போச்சு. அந்த ஒரு நாள் நான் உங்களுக்குக் கடன், அண்ணே. ஆள் வேணும், தொட்டி வேணும்னா எப்ப வேணா கேளுங்க.”

“நாளைக்குக் கேக்கறேன்.”

அதன்பின் தெருவில் எங்கே கண்டாலும், “என் கடன் என்னாச்சு அண்ணே?” என்பாள். பதில் மாறியதே இல்லை. ஒருமுறை அவருடைய தொட்டி ஓட்டையாகி, கடை நான்கு நாள் மூடிக் கிடந்தது. அதுவும் பிறர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியவந்தது. முதுமையில் மகள் வீட்டோடு போய்விட அவர் கிளம்பிய காலையிலும் வண்டியருகே நின்று கேட்டாள். அவர் அந்தத் தடித்த கரண்டியை அவள் கையில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். அந்த ஒரு நாளை அவர் கடைசிவரை கேட்கவேயில்லை.