மாதாவின் காலடியில் தண்ணீர்

மாதா அழுகிறாள் என்று நான் நம்பினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் பிறகு நடந்த ஒன்றும் விளங்காது. எங்கள் கோயில் பங்கில் யாராவது செபத்தில் கொஞ்சம் கூடுதலாக உருகினால் முதலில் பகிடி விடுகிற ஆள் நான். செபமாலை நடக்கும்போதே றோல்ஸ் பொரிக்கிற மணம் வருகிறதா என்று மூக்கை நீட்டுகிறவன். அப்படிப்பட்டவன், ஐம்பது தாண்டிய வயதில், பியர்பொன்ட்ஸில் இருக்கிற எங்கள் வீட்டுப் பேஸ்மென்டில் முழங்காலில் நின்று, சொரூபத்தின் காலடியில் கிடந்த ஈரத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

மொன்றியலில் எங்கள் பங்குத் தமிழ்க் குடும்பங்களுக்குள் மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு கிழமை. அந்தத் தை மாதம் எங்கள் முறை வந்தது. வழமையாகச் சொரூபத்தோடு சனமும் வரும். எங்கள் வீட்டுக்குச் சொரூபம் மட்டும் வந்தது. மனைவிக்கு மார்பில் புற்றுநோய். மருந்து ஏற்றி ஏற்றி இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருந்தன; ஆட்களை அண்ட விடவேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆகவே கொண்டு வந்தவர்கள் பக்கக் கதவால் நேரே பேஸ்மென்டுக்கு இறக்கி, வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ் இருக்கும் அறை வாசலில் நான் போட்டிருந்த மேசையில் வைத்துவிட்டு, அப்படியே போய்விட்டார்கள்.

அடுத்த மருந்து வருகிற வியாழக்கிழமை. அதற்குள் காய்ச்சல் வந்தால் தள்ளிப்போடுவார்கள். ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போயிருந்தது. இன்னொருமுறை தள்ளிப்போவது நல்லதில்லை என்று டொக்டர் சொன்னதை நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கேட்டோம். காரில் வரும்போது இரண்டு பேரும் பனியைப் பற்றிக் கதைத்தோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மெழுகுதிரி கொளுத்தப் போனபோதுதான் கண்டேன். மேசைக்குக் கீழே தண்ணீர். நிலத்தைத் தொட்டுக்கொண்டிருந்த மேசைத் துணியின் கரையும் நனைந்திருந்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். மெழுகுதிரி வெளிச்சத்தில் கண்ணுக்குக் கீழே ஏதோ மினுங்கியது. வார்னிஷ்தான். அப்போது அது வார்னிஷாகத் தெரியவில்லை.

அழுகிறாள் என்றால் இரங்குகிறாள், இரங்குகிறாள் என்றால் சுகப்படுத்துவாள் என்று முதலில் நினைத்தேன். படிக்கட்டில் பாதி ஏறுவதற்குள் மற்ற யோசனையும் வந்துவிட்டது: முடிவு தெரிந்தல்லவா அழுகிறாள். திரும்பக் கீழே இறங்கினேன். தரையைத் துடைக்க மனம் வரவில்லை, கண்ணீரை மொப் போட்டுத் துடைக்கிறதா என்று. பஞ்சில் ஒற்றி எடுத்தேன். மிச்சத்தை ஒரு ஜாம் போத்தலில் சேர்த்து ஃப்ரிட்ஜில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். மனைவி கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தாள். தலைமயிர் கொட்டிப்போன அந்த நெற்றியில் ஈரப் பஞ்சால் மெல்லச் சிலுவை போட்டேன். அவள் அசையவில்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு பெரிய வேலையைச் செய்து முடித்த நினைப்போடு தேத்தண்ணீர் போட்டுக் குடித்தேன்.

சனிக்கிழமை காலையில் வீடு குளிர்ந்து கிடந்தது. ஃபர்னஸில் சிவப்பு விளக்கொன்று கண்ணை வெட்டி வெட்டி முழித்தது. வெளியே மூச்சு மீசையில் உறைகிற குளிர். திருத்துகிற கொம்பனிக்குப் போன் அடித்தால், ஒரு பெண் நல்ல பிரெஞ்சில், மிக மரியாதையாக, திங்கட்கிழமை வருவோம் என்றாள். வீட்டில் இருந்த போர்வை முழுவதையும் மனைவிக்கு மேல் போட்டு, சின்ன மின்சார ஹீட்டரை அவள் காலடியில் வைத்துவிட்டு, லாசாலில் இருக்கிற அவளுடைய தம்பியைக் கூப்பிட்டேன். அவருக்கும் ஃபர்னஸ் பற்றி என்னளவுதான் தெரியும். ஆனால் பயந்தவன் தனியாக நிற்கக்கூடாது.

மாஸ்க்கோடு வந்தவர் நேரே கீழே இறங்கி ஈரத்தைப் பார்த்தார். நான் பார்த்ததுபோல மேலே பார்க்கவில்லை. குனிந்து, ஈரம் வந்த வழியே பின்னால் போனார்.

"அத்தான், தண்ணி மாதாட்ட இருந்து வரேல்லை. ஃபர்னஸுக்குக் கீழ இருந்து மாதாட்டப் போகுது."

எனக்கு முன்னமே தெரியும் என்பதுபோலத் தலையாட்டினேன்.

ஃபர்னஸுக்குப் பக்கத்தில் சப்பாத்துப் பெட்டியளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. எத்தனையோ வருடமாக அதற்குப் பக்கத்தில் அரிசி மூட்டை வைத்து எடுக்கிறேன், என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை. காஸ் எரியும்போது ஃபர்னஸுக்குள் தண்ணீர் ஊறுமாம். அது இந்தப் பெட்டிக்குள் வடிய, உள்ளே இருக்கிற பம்ப் ஒரு மெல்லிய குழாய் வழியாக அதை உடுப்புத் தோய்க்கிற தொட்டிக்குத் தள்ளுமாம். இவ்வளவும் மச்சான் போனில் பார்த்து வாசித்தது. குழாய் அடைத்துப்போக, பம்ப் முக்கி முக்கித் தள்ள, தண்ணீர் பொருத்தால் கசிந்து மேசைப் பக்கம் ஓடியிருக்கிறது. கடைசியில் மோட்டார் எரிந்துபோனது. பெட்டி நிரம்ப, உள்ளே இருந்த பாதுகாப்புச் சுவிட்ச் ஃபர்னஸையும் நிறுத்திவிட்டது.

ஹார்ட்வெயார் கடையில் அதே மாதிரிப் பம்ப் இருந்தது. ஃபர்னஸின் கரண்டை நிறுத்தி, பழையதைக் கழற்றி, பாதுகாப்புச் சுவிட்சின் இரண்டு மெல்லிய வயரையும் புதியதில் கொழுவினோம். ஒரு வயரை நான் விழுத்திவிட்டுத் தேட, அது என் சட்டைக் கையிலேயே தொங்கியது. பிறகு குழாயின் அடைப்பை எடுக்க வேண்டும். ஊதிப் பார்க்கச் சொன்னார் மச்சான். பதற்றத்தில் நான் உறிஞ்சினேன்.

"அத்தான், நான் ஊதச் சொன்னனான்," என்றார் அவர், மிகவும் சாந்தமாக.

வாய்க்குள் வந்ததைத் தொட்டியில் துப்பினேன். சளிபோல, மண்நிறத்தில், வழுவழுவென்று. தொட்டிக்குள் அது கிடந்ததைப் பார்த்தபடி நின்றேன். இது கிடந்த தண்ணீரைத்தான், ஒரு சின்னத் தடிமன், காய்ச்சலைக்கூடத் தாங்காத உடம்பில், சிலுவை போட்டுப் பூசியிருக்கிறேன்.

புதுப் பம்பை மச்சானிடம் விட்டுவிட்டு மேலே ஓடினேன். தேர்மாமீற்றரை அவள் நாக்குக்குக் கீழே வைத்தேன். காய்ச்சல் இல்லை. திரும்பவும் வைக்கப் போனேன். அவள் கையால் தடுத்தாள்.

"டொக்டர் உங்களிட்டத் தனிய என்ன சொன்னவர்?"

ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

"அப்ப ஏன் நேற்று எனக்குப் பூசினனீங்கள்? நான் நித்திரையில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தனான். ஃபாதரைக் கூப்பிட்டால் நான் பயந்திடுவன் எண்டு நீங்களே பூசுறியளாக்கும் எண்டு நினைச்சன்."

எங்கள் ஆட்களுக்கு வருத்தக்காரரின் நெற்றியில் ஃபாதர் எண்ணெய் பூசுவது என்றால் அர்த்தம் ஒன்றுதான், ஆள் தப்பாது. ஃபாதரைக் கூப்பிட்டாயிற்று, இனி ஆட்களுக்குச் சொல்லியனுப்பலாம். ஒட்டாவாவில் படிக்கிற மகளோடு முதல்நாள் பின்னேரம் மனைவி ஏன் அவ்வளவு நேரம் போனில் கதைத்தாள் என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. அலுமாரித் திறப்பு எங்கே இருக்கிறது, எந்தச் சேலை யாருக்கு என்றெல்லாம் அவள் சொன்னது கதவுக்கு வெளியே எனக்கும் கேட்டிருந்தது.

"அது ஃபர்னஸ் தண்ணி," என்றேன். "மாதா அழுகிறா எண்டு நினைச்சிட்டன்."

சிரிப்பாள் என்று காத்திருந்தேன்; அவளைச் சிரிக்க வைக்கிறது ஒன்றுதான் எனக்கு ஒழுங்காகத் தெரிந்த தொழில்.

"இனிமேல் பகிடியெண்டால் முதல்லயே சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ," என்றாள். எழும்பிச் சுவரைப் பிடித்துப் பிடித்துக் குளியலறைக்குப் போனாள். நெடுநேரம் சவர்க்காரம் போட்டு முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. அதற்கிடையில் கீழே ஃபர்னஸ் மூண்டது. நிலத்தில் இருந்த காற்றுத் துவாரத்தால் சூடு வந்தது. மச்சான் படிக்கட்டில் நின்று, எல்லாம் சரி அத்தான் என்றார்.

ஆஸ்பத்திரி நேர்ஸுக்குப் போன் எடுத்து, ஃபர்னஸ் தண்ணீரை மனைவியின் நெற்றியில் பூசிவிட்டேன் என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சொன்னேன். அவள் ஏன் என்று மட்டும் கேட்டாள். இப்போதைக்குக் காய்ச்சல் இல்லை என்பதையும் இரண்டு பாஷையிலும் சொன்னேன். காய்ச்சல் அடித்தால் உடனே கொண்டுவரச் சொன்னாள். ஜாம் போத்தலைத் தொட்டியில் ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமை சொரூபம் செயின்ட்-மிஷேலில் ஒரு வீட்டுக்குப் போனது. கொண்டுபோக வந்தவர்கள் மனைவிக்கு எப்படி என்று விசாரித்தார்கள். பகிடி ஒன்றும் வாயில் வரவில்லை. பரவாயில்லை என்றேன்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை. நெற்றியில் ஒரு பரு கூட இல்லை. இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அணுக்கள் போதாது என்றார் டொக்டர். தண்ணீராலா, குளிராலா என்று கேட்டேன். இரண்டாலும் இல்லை, போனமுறை ஏற்றிய மருந்தால் என்றார். அன்றைக்கு மருந்து ஏற்றவில்லை. எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.